பணியிடத்தில் பெட்ரோல்: தீயையும் நச்சையும் தடுக்கும் வேலைகளை எந்த வரிசையில் செய்வது

பெட்ரோலைத் தினமும் கையாளும் இடத்தில் பாதுகாப்பைச் சீர்செய்யப் புறப்படுபவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே முகக்கவசமும் தீயணைப்பானும் வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் தேவையானவைதான். ஆனால், மூல காரணமான ஆவியைக் குறைக்காமல் இவற்றிலிருந்து தொடங்கினால், தொழிலாளி நாள் முழுவதும் நச்சை வடிகட்டிக்கொண்டும் தீயை எதிர்பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டியதாகிறது. கீழே உள்ள வரிசை பட்டறை, எரிபொருள் நிரப்பும் நிலையம், கிடங்கு, பண்ணை, படகுத்துறை என எந்த இடத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டிருப்பதால், இடையில் ஒன்றைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, நீங்கள் வாங்கும் பெட்ரோலுக்கான பாதுகாப்புத் தரவுத் தாள். விற்பவரிடம் கேட்டுப் பெறுங்கள். உலகெங்கும் பின்பற்றப்படும் அமைப்பில் அது 16 பிரிவுகளைக் கொண்டது. 3-ஆம் பிரிவில் கலவையின் கூறுகளும், 8-ஆம் பிரிவில் காற்றில் அனுமதிக்கப்படும் அளவும் கையுறை வகையும், 9-ஆம் பிரிவில் தீப்பிடிக்கும் வெப்பநிலை முதலிய பண்புகளும் இருக்கும். இந்த மூன்றையும் படிக்காமல் கையுறையோ முகக்கவசமோ தேர்ந்தெடுக்க முடியாது.

அந்தத் தாளில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பென்சீன் எத்தனை சதவீதம், எத்தனால் எத்தனை சதவீதம், ஈயம் உண்டா இல்லையா. சாலை வாகனங்களுக்கான பெட்ரோலில் ஈயம் சேர்ப்பது 2021-இல் உலகம் முழுவதும் முடிவுக்கு வந்துவிட்டது. ஆயினும் பிஸ்டன் எஞ்சின் கொண்ட சிறு விமானங்களுக்கான பெட்ரோலில் அது இன்னும் சேர்க்கப்படுகிறது. எத்தனாலின் அளவு தீயணைக்கும் நுரையின் தேர்வை மாற்றும் என்பதால் அதையும் விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவது, பெட்ரோல் திறந்த நிலையில் இருக்கும் வேலைகளின் பட்டியல். இதை மேசையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. ஒரு முழு வேலை நாள் தளத்தில் நின்று, எந்த மூடி எப்போது திறக்கப்படுகிறது, யார் திறக்கிறார், எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஏனென்றால் நிர்வாகத்துக்குத் தெரியாத வேலைகளில்தான் ஆபத்து அதிகம்: கிரீஸ் படிந்த கையைப் பெட்ரோலில் கழுவுவது, உதிரிபாகங்களைத் திறந்த தட்டில் ஊறவைப்பது, ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி ஒரு டேங்கிலிருந்து மற்றொன்றுக்கு இறக்குவது. கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். நின்று பார்த்தால் தெரியும்.

2. திரவத்தைப் பார்க்காமல் ஆவியைக் கணக்கிடுங்கள்

எரிவதும் ஆவிதான், நுரையீரலுக்குள் போவதும் ஆவிதான். பெட்ரோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவியை வெளியிடத் தொடங்கும் வெப்பநிலை சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். ஆகவே மனிதர்கள் வேலை செய்யும் எந்த இடத்திலும், எந்தப் பருவத்திலும், திறந்த பெட்ரோலின் மேல் எரியக்கூடிய ஆவி இருந்துகொண்டே இருக்கும். குளிர்காலம் என்பதால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை.

இந்த ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்துபோகாமல் தரையோடு படர்ந்து, வாகனப் பழுதுக்கான குழி, சாக்கடை, கேபிள் கால்வாய், படிக்கட்டின் அடிப்பகுதி ஆகிய பள்ளங்களில் தேங்கும். சிந்திய இடத்திலிருந்து பல மீட்டர் தொலைவில் உள்ள ஒரு தீப்பொறி அதைப் பற்றவைத்தால், தீ அந்த ஆவியின் வழியே மூலத்துக்கே ஓடி வரும். ஆகவே "நெருப்பு தூரத்தில்தானே இருக்கிறது" என்ற வாதத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அளவையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 150 முதல் 200 லிட்டர் ஆவி உண்டாகும். காற்றில் ஆவி 1.4 சதவீதத்தைத் தொட்டாலே கலவை எரியத் தொடங்கும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் 10 கன மீட்டருக்கும் அதிகமான காற்றை, ஒரு சிறிய அறையை நிரப்பும் காற்றை, எரியும் கலவையாக மாற்றப் போதுமானது. மேல் எல்லை சுமார் 7.6 சதவீதம். அதற்கு மேல் ஆவி மிகுந்திருந்தால் கலவை எரியாது. ஆனால் ஒரு கதவைத் திறந்தவுடன் காற்று கலந்து அது எரியும் அளவுக்குள் இறங்கிவிடும்.

3. தீயின் அளவுகோலும் உடல்நலத்தின் அளவுகோலும் வேறு வேறு

இந்தப் படியில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

எரியும் வாயுவைக் காட்டும் மீட்டர், கீழ் வெடிப்பு எல்லையில், அதாவது கலவை எரியத் தொடங்கும் அளவில், எத்தனை சதவீதம் ஆவி இருக்கிறது என்பதையே காட்டுகிறது. திரையில் 100 என்று வந்தால் காற்றில் ஆவி 1.4 சதவீதம், அதாவது 14,000 பிபிஎம். பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வழக்கமாக எச்சரிக்கை ஒலி 10-இல் வைக்கப்படும். அது 1,400 பிபிஎம்.

இனி உடல்நலத்தின் பக்கம் வாருங்கள். பெட்ரோல் ஆவிக்குப் பரவலாகப் பயன்படுத்தப்படும் வழிகாட்டு அளவு, 8 மணி நேரச் சராசரியாக 300 பிபிஎம், 15 நிமிடச் சராசரியாக 500 பிபிஎம். ஆகவே மீட்டர் ஒலிக்காமல் அமைதியாக இருக்கும்போதே தொழிலாளி இந்த அளவை நான்கு மடங்கு தாண்டி ஆவியைச் சுவாசித்துக்கொண்டிருக்கலாம்.

பென்சீனைக் கணக்கில் எடுத்தால் நிலைமை இன்னும் கடுமையாகிறது. ஆவியில் அதன் பங்கு வெறும் அரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 300 பிபிஎம் பெட்ரோல் ஆவியில் 1.5 பிபிஎம் பென்சீன் இருக்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா பென்சீனுக்கு விதித்த பொது வரம்பு 8 மணி நேரச் சராசரியாக 1 பிபிஎம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 2024 ஏப்ரல் முதல் 0.5 பிபிஎம், 2026 ஏப்ரல் முதல் 0.2 பிபிஎம். வெடிப்பு மீட்டரின் மிகச் சிறிய அலகான 1 சதவீதமே 140 பிபிஎம் ஆவியைக் குறிக்கிறது. அதில் இதே கணக்கின்படி 0.7 பிபிஎம் பென்சீன் இருக்கும். எனவே திரையில் பூச்சியம் தெரிவதைப் பார்த்து "காற்று சுத்தம்" என்று சொல்வது பெரும் தவறு. "இப்போது வெடிக்காது" என்பதற்கு மேல் அந்தப் பூச்சியத்துக்குப் பொருள் இல்லை.

மூக்கையும் நம்ப முடியாது. பெட்ரோல் வாசம் மிகக் குறைந்த அளவிலேயே தெரியும். ஆனால் சிறிது நேரத்தில் மூக்கு அதற்குப் பழகிவிடும். வெளியிலிருந்து வருபவருக்கு வாசம் நெடியாக அடிக்கும்போது, உள்ளே இருப்பவர் ஒன்றும் இல்லை என்கிறார். வந்தவர் சொல்வதை நம்புங்கள்.

இந்த ஆவி உடலுக்கு என்ன செய்கிறது என்பதை வேலை செய்பவர்களுக்கு மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சற்று அதிகமான ஆவியைச் சுவாசித்தால் உடனடியாகக் கண்ணெரிச்சல், தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், குடித்தவரைப் போன்ற தடுமாற்றம் வரும். மிக அதிகமானால் மயக்கமும், இதயத் துடிப்பு திடீரெனச் சீர்குலைந்து மரணமும் நேரலாம். நீண்ட காலத்தில், பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி இரத்தச் சோகையையும் இரத்தப் புற்றுநோயையும் உண்டாக்கும். பெட்ரோலின் மற்றொரு கூறான நார்மல் ஹெக்சேன் கை கால் நரம்புகளைப் பாதிக்கும். அதிலுள்ள டொலுவீனும் எத்தில் பென்சீனும் காதின் உட்பகுதியைப் பாதிப்பதால், இரைச்சலான பட்டறையில் செவித்திறன் இழப்பு கூடும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2025-இல் வாகனப் பெட்ரோலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. பென்சீனின் பாதிப்பு பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமல் வளரக்கூடியது. "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்லும் மூத்த தொழிலாளியிடம் இதை மரியாதையோடு, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

4. பெட்ரோல் தேவையே இல்லாத வேலைகளிலிருந்து அதை நீக்குங்கள்

முதல் படியில் எழுதிய பட்டியலை எடுத்து, எரிபொருளாக அல்லாமல் கழுவும் பொருளாகப் பெட்ரோல் பயன்படும் ஒவ்வொரு வரியையும் அடித்துவிடுங்கள். உதிரிபாகம் கழுவுவதற்கு நீரில் கரையும் டிகிரீசரும், உயர்ந்த வெப்பநிலையில் மட்டுமே தீப்பற்றும் கரைப்பான்களும் கிடைக்கின்றன. கை கழுவுவதற்குப் பட்டறைகளுக்கென்றே உள்ள சோப்பு போதும்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கழுவும் வேலையில் திறந்த தட்டு, அகன்ற பரப்பு, நனைந்த கை, குனிந்த முகம் எல்லாம் ஒன்றாகச் சேர்கின்றன. சில நாட்களில் முடிக்கக்கூடிய இந்த ஒரு மாற்றம், பின்னால் வாங்கப்போகும் எந்தக் கருவியையும்விட அதிகம் காக்கும். தடை மட்டும் விதித்துவிட்டு மாற்றுப் பொருளை வாங்கித் தராத இடங்களில் பெட்ரோல் தட்டு ஒரு மூலையில் மறைந்திருக்கும். ஆகவே மாற்றுப் பொருள் வந்து சேர்ந்த பிறகே தட்டை எடுங்கள்.

வாயால் உறிஞ்சும் பழக்கத்துக்கும் அன்றே முடிவு கட்ட வேண்டும். கையால் இயக்கும் சிறு பம்பு ஒன்று போதும். ஒரு மிடறு பெட்ரோல் புரையேறி நுரையீரலுக்குள் சென்றாலே உயிருக்கு ஆபத்தான அழற்சி ஏற்படும்.

5. எஞ்சியதை மூடி வையுங்கள், காற்றை நகர்த்துங்கள்

அன்றைய வேலைக்குத் தேவையான பெட்ரோலை மட்டும் வேலையிடத்தில் வைத்து, மற்றதைக் கட்டடத்துக்கு வெளியே, பூட்டக்கூடிய, காற்றோட்டமுள்ள கிடங்கில் வையுங்கள். கேன் தானாக மூடிக்கொள்ளும் மூடியும், உள்ளே தீ நுழையாமல் தடுக்கும் வலையும் கொண்டதாக இருக்கட்டும். குடிநீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்கக் கூடாது. நிறத்தைப் பார்த்துத் தண்ணீர் என்றோ குளிர்பானம் என்றோ ஒருவர் குடித்துவிடுவார். விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. வெப்பநிலை 20 டிகிரி உயர்ந்தால் பெட்ரோல் ஏறத்தாழ 2 சதவீதம் விரிவடைந்து மூடியின் வழியே கசியும் என்பதால் மேலே 5 சதவீத இடம் விடுவது வழக்கம்.

காற்றோட்டத்தில் எல்லோரும் செய்யும் தவறு, வெளியேற்றும் விசிறியைச் சுவரின் உச்சியில் பொருத்துவது. ஆவி தரையில் கிடக்கும்போது உச்சியில் சுழலும் விசிறி நல்ல காற்றைத்தான் வெளியேற்றும். உறிஞ்சும் வாய் தரையை ஒட்டியும், புதுக்காற்று நுழையும் வழி எதிர்ப்பக்கத்திலும் இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று வேலை செய்பவரைக் கடந்து, பிறகு பெட்ரோலைக் கடந்து வெளியேறும். ஆவி முதலில் முகத்தைக் கடந்து செல்லும்படி அமைந்தால், விசிறி நச்சை நேரே முகத்துக்குக் கொண்டுவரும்.

விசிறியின் மோட்டார் சாதாரணமானதாக இருந்தால் அதுவே பற்றவைக்கும் பொறியாகிவிடும். வெடிப்புச் சூழலுக்கென்று சான்றளிக்கப்பட்ட மோட்டாரை வாங்குங்கள். ஆவி ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்ற சந்தேகம் இருந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறி, மின்சாரத்தைக் கட்டடத்துக்கு வெளியே உள்ள இடத்தில் துண்டிக்க வேண்டும்.

மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசம் இல்லை. புகைக்குழாயோடு இணைத்து வெளியே விடும் குழாய் இல்லாமல் உள்ளே எஞ்சினை ஓட்டக் கூடாது.

6. பற்றவைக்கும் மூலங்களைத் தேடி அகற்றுங்கள்

காற்றோட்டத்துக்குப் பிறகு இதை வைப்பதற்குக் காரணம், ஆவி எங்கே இருக்கும் என்று தெரிந்த பிறகே எந்தப் பொறி ஆபத்தானது என்று முடிவு செய்ய முடியும் என்பதுதான். வெல்டிங், கிரைண்டிங், சிகரெட், அடுப்பு ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. தண்ணீர் சூடாக்கும் கொதிகலனின் சிறு சுடர், குளிர்சாதனப் பெட்டியின் தெர்மோஸ்டாட், தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி, பேட்டரி முனையைக் கழற்றும்போது வரும் பொறி, உடைந்து விழும் கைவிளக்கு, சூடான புகைக்குழாய் ஆகியவைதான் மறக்கப்படுகின்றன. தரைமட்டத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.

வெல்டிங் போன்ற நெருப்பு வேலையைத் தவிர்க்க முடியாதபோது, எழுத்து மூலமான அனுமதிச் சீட்டு இல்லாமல் தொடங்கக் கூடாது. பெட்ரோல் கேன்கள் அகற்றப்பட்டன, சாக்கடை வாய்கள் மூடப்பட்டன, மீட்டரால் அளக்கப்பட்டது, தீயணைப்பானோடு ஒருவர் நிற்கிறார் என்பவற்றை ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வேலை முடிந்த பிறகும் கனலும் பொறி இருக்கிறதா என்று கண்காணிக்கத் தீயணைப்பானோடு நிற்பவர் அங்கேயே நிற்க வேண்டும்.

7. ஊற்றும்போது உருவாகும் நிலைமின்சாரம்

பெட்ரோல் மின்சாரத்தை எளிதில் கடத்தாத திரவம். குழாயிலும் வடிகட்டியிலும் உராய்ந்து ஓடும்போது அதில் மின்னேற்றம் சேரும். சேர்ந்தது வடிந்துபோக வழி இல்லாவிட்டால் பொறியாகத் தாவும். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலுக்கும் குறைவான ஆற்றல் போதும். கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் சுரீர் என்று உறைக்கும் பொறியில் அதைவிட அதிக ஆற்றல் இருக்கலாம். ஆகவே இந்தப் படியில் வரிசையை மாற்றக் கூடாது.

உலோகப் பாத்திரத்திலிருந்து உலோகப் பாத்திரத்துக்கு ஊற்றுவதாக இருந்தால், மூடிகளைத் திறக்கும் முன்பே இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, அவற்றில் ஒன்றை எர்த்தோடு இணையுங்கள். கம்பியின் பிடி பெயின்ட்டின் மேல் அல்லாமல் வெற்று உலோகத்தில் பதிய வேண்டும். பெயின்ட்டின் மேல் பிடி மாட்டியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், மின்னேற்றம் மட்டும் வடியாது. உலோகப் புனல் இருந்தால் அதுவும் இந்த இணைப்புக்குள் வர வேண்டும். ஊற்றி முடித்து, மூடிகளை மூடிய பிறகே கம்பியைக் கழற்றுங்கள்.

கையில் எடுத்துச் செல்லும் கேனை நிரப்பும்போது அதை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வையுங்கள். வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ கம்பளத்தின் மேலோ வைத்து நிரப்பினால், கேனில் சேரும் மின்னேற்றம் தரைக்கு இறங்க வழியின்றி நிற்கும். நிரப்பும் குழாயின் உலோக முனை கேனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். மெதுவாக நிரப்புங்கள். பெரிய தொட்டியானால், குழாயின் நுனி அடிவரை இறங்கியிருக்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் திரவம் தெறித்து மின்னேற்றமும் ஆவியும் ஒன்றாகப் பெருகும். நுனி திரவத்தில் மூழ்கும் வரை ஓட்டம் வினாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டாமல் இருக்க வேண்டும். நிரப்பிய உடனே அளவுகோலை உள்ளே இறக்கக் கூடாது. மின்னேற்றம் வடிய நேரம் கொடுங்கள்.

முன்பு பெட்ரோல் இருந்த தொட்டியில் டீசல் நிரப்புவதைப் பலர் பாதுகாப்பான வேலை என்று நினைக்கிறார்கள். எரியும் அளவுக்கு மேல் ஆவி நிறைந்திருந்த தொட்டியில் டீசல் இறங்கும்போது, அது அந்த ஆவியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய கலவை எரியும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அதே நேரத்தில் டீசல் தன் பங்குக்கு மின்னேற்றத்தையும் கொண்டுவருகிறது. தொட்டியிலிருந்து ஆவியை முழுதாக அகற்றிய பிறகே எரிபொருளை மாற்ற வேண்டும்.

நிலைமின்சாரத்துக்கு மனித உடலும் ஒரு சேமிப்புக் கலம். செயற்கை இழை உடைகளைத் தவிருங்கள். மின்னேற்றத்தை வடிக்கும் வகைக் காலணி அணியுங்கள். நிரப்பும் இடத்தில் மேலாடையைக் கழற்றவோ, நிரப்பும் நடுவே வாகனத்துக்குள் ஏறி இறங்கவோ வேண்டாம்.

8. காலி டிரம், தொட்டி, பழுதுக் குழி

காலி டிரம் நிறைந்த டிரம்மைவிட ஆபத்தானது. நிறைந்ததில் ஆவிக்கு இடம் குறைவு, காற்றும் குறைவு. காலியானதில் மடிப்புகளில் ஒட்டிய சில துளிகள் ஆவியாகி, காற்றோடு கலந்து, எரியும் அளவில் காத்திருக்கும். தண்ணீர் ஊற்றி அலசியதால் அது தீர்ந்துவிடாது. சூடு படும்போது மடிப்பில் தங்கியது வெளியே வரும். பெட்ரோல் இருந்த டிரம்மையோ வாகன டேங்கையோ வெட்டவும் வெல்டு வைக்கவும் பட்டறையில் யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். அதற்கான முறையும் கருவியும் உள்ளவர்களிடம் அனுப்புங்கள், அல்லது புதியதை வாங்குங்கள். இந்த ஒரு செயலில் இழக்கப்பட்ட உயிர்கள் எல்லாமே தவிர்த்திருக்கக்கூடியவை.

தொட்டிக்குள்ளோ ஆழமான குழிக்குள்ளோ ஒருவர் இறங்க வேண்டுமானால், முதலில் ஆக்சிஜன், பிறகு எரியும் வாயு, கடைசியில் நச்சு வாயு என்ற வரிசையில் அளக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் வகை வெடிப்பு மீட்டர், உள்ளே வாயுவை எரித்துப் பார்த்தே அளவைக் காட்டுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் அது எரியாது. அதனால் குறைவாகவோ பூச்சியமாகவோ காட்டி ஏமாற்றும். ஆவி மேல் எல்லையைத் தாண்டிய இடத்திலும் அப்படியே: முள் ஒரு கணம் உயர்ந்து, பிறகு பூச்சியத்துக்கு விழும். அந்தக் கணத்தைக் கவனிக்காதவர் பூச்சியத்தை நம்பி இறங்குவார்.

ஆக்சிஜனின் இயல்பான அளவு 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. மேல், நடு, அடி மூன்றிலும் அளந்து பாருங்கள், ஆவி அடியில்தான் இருக்கும். வாயிலில் நின்று அளந்துவிட்டு அனுமதிப்பது அளக்காததற்குச் சமம். உள்ளே ஒருவர் இருக்கும் வரை அளவீடும் காற்றோட்டமும் நிற்கக் கூடாது. வெளியே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்தால், வெளியே நிற்பவர் இறங்கவே கூடாது. கயிற்றால் இழுத்து மேலே எடுக்கும் ஏற்பாடு முன்பே இருக்க வேண்டும். காப்பாற்றக் குதித்தவரும் அதே ஆவியில் விழுவதுதான் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

9. இப்போதுதான் கையுறையும் முகக்கவசமும்

சாதாரண இயற்கை ரப்பர் கையுறை பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். மெல்லிய நைட்ரைல் கையுறை தெறிப்பை மட்டுமே சில நிமிடங்கள் தடுக்கும், நனைந்தவுடன் கழற்றி எறிய வேண்டும். நீண்ட நேரம் கை படும் வேலைக்குத் தடித்த நைட்ரைல் அல்லது வைட்டான் கையுறை தேவை. நனைந்த கையுறையைத் தொடர்ந்து அணிவது வெறுங்கையைவிடத் தீமை செய்யலாம், ஏனெனில் பெட்ரோல் ஆவியாகிப் போகாமல் தோலோடு சேர்த்து அடைக்கப்படுகிறது. பெட்ரோல் தோலின் இயற்கை எண்ணெய்ப்பசையை நீக்கி, வெடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும். வெடித்த தோல் வழியே அது உள்ளே செல்வதும் எளிதாகிறது.

தூசிக்கான முகக்கவசம் ஆவியைச் சிறிதும் தடுக்காது. கரிம ஆவிக்கென்று குறிக்கப்பட்ட கரிப் பொதியுடன், முகத்தோடு ஒட்டி நிற்கும் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அது ஒட்டாது. பொதி எப்போது தீர்ந்தது என்பதை வாசத்தால் அறிய முயலாமல், மாற்றும் நாளை முன்பே அட்டவணையில் எழுதிவிடுங்கள். ஆக்சிஜன் குறைந்த இடத்திலும் தொட்டிக்குள்ளும் இந்தக் கவசம் பயன்படாது. அங்கே வெளியிலிருந்து காற்று கொடுக்கும் கருவி மட்டுமே உயிர் காக்கும்.

10. அளந்து பார்த்தல், மருத்துவப் பரிசோதனை

செய்த மாற்றங்கள் பலித்தனவா என்பதை அறிய, தொழிலாளியின் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள், மாதிரி எடுக்கும் குழலையோ பேட்ஜையோ பொருத்தி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அறையின் நடுவே வைத்து எடுக்கும் மாதிரி, குனிந்து வேலை செய்பவர் சுவாசிப்பதைக் காட்டாது. முழு ஷிஃப்டுக்கு ஒன்று, மிக அதிகமாக ஆவி எழும் 15 நிமிடங்களுக்கு ஒன்று என இரண்டும் தேவை.

வேலையில் சேரும்போதே முழு இரத்த அணுக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டால்தான் பிந்தைய மாற்றத்தை ஒப்பிட முடியும். பென்சீன் உடலில் சேர்ந்ததை ஷிஃப்ட் முடிவில் எடுக்கும் சிறுநீர்ச் சோதனை காட்டும். சிகரெட் புகையிலும் பென்சீன் இருப்பதால், புகைப்பவரா என்பதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கருவுற்ற பெண்களுக்குப் பெட்ரோல் ஆவி இல்லாத வேலையை, ஊதியம் குறையாமல் மாற்றித் தருவது நிர்வாகத்தின் கடமை.

11. சிந்தினால், பற்றிக்கொண்டால்

சிந்தியவுடன் ஆட்களை விலக்கி, பொறி மூலங்களை அகற்றி, கசிவை நிறுத்துங்கள். பிறகு சாக்கடைக்குப் போகும் வழியை மணலால் தடுத்து, மணலோ எண்ணெய் உறிஞ்சும் பொருளோ கொண்டு திரவத்தை எடுத்து, மூடியுள்ள உலோகப் பெட்டியில் போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவுவதே மிகப் பொதுவான தவறு. பெட்ரோல் நீரில் மிதந்து சாக்கடைக்குள் சென்று, அடுத்த கட்டடத்தின் அடியில் ஆவியாகும்.

தீயின் மேல் நீரைப் பீய்ச்சினாலும் எரியும் பெட்ரோல் மிதந்து பரவும். உலர் தூள், நுரை, கார்பன் டை ஆக்சைடு ஆகியவையே ஏற்றவை. எத்தனால் மிகுந்த கலவையில் சாதாரண நுரை கரைந்துபோகும் என்பதால், ஆல்கஹாலைத் தாங்கும் நுரை வேண்டும். தீ சிறியதாகவும், வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இருந்தால் மட்டுமே அணைக்க முயலுங்கள். இல்லையேல் எச்சரிக்கை கொடுத்துவிட்டு வெளியேறுங்கள்.

12. உடலில் பட்டால், சுவாசித்தால், விழுங்கினால்

உடை பெட்ரோலில் நனைந்துவிட்டால் அவசரமாகக் கழற்ற வேண்டாம். கழற்றும் உராய்வே பொறியை உண்டாக்கும். முதலில் உடையோடு நன்றாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து, பிறகு கழற்றி, சோப்பால் தோலைக் கழுவ வேண்டும். நனைந்த உடையிலேயே நீண்ட நேரம் இருந்தால் தீக்காயத்தைப் போன்ற புண் வரும். கண்ணில் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள்.

ஆவியால் மயங்கியவரை, உங்கள் பாதுகாப்பை உறுதிசெய்துகொண்ட பிறகு, திறந்த காற்றுக்குக் கொண்டுவாருங்கள். அவர் எழுந்து நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். அதிக ஆவியைச் சுவாசித்த இதயம் பதற்றத்துக்கும் உழைப்புக்கும் மிகவும் கூர்மையாக எதிர்வினை காட்டும். மூச்சு நின்றிருந்தால் முதலுதவி பயின்றவர் செயற்கைச் சுவாசம் தொடங்கட்டும்.

விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புநீர், பால், எண்ணெய் எதுவும் கொடுக்க வேண்டாம். வயிற்றில் இருக்கும் பெட்ரோலைவிட, வாந்தியின்போது நுரையீரலுக்குள் புகும் பெட்ரோல் பன்மடங்கு கொடியது. தானாக வாந்தி வந்தால் தலையைத் தாழ்த்தி முன்னே குனியச் செய்யுங்கள். இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் ஆகியவை சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். ஆகவே அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும், பாதுகாப்புத் தரவுத் தாளின் நகலைக் கையில் கொடுத்து, ஒரு துணையோடு உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.